பதினைந்து கிலோ மருமகன்

செஞ்சி கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருப்பவன் குண்டாக இருந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. இளைத்தால் ஊரே கேட்கும். நானும் இளைத்தேன். சர்க்கரைக்காகப் புதுச்சேரி டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக்கொடுத்திருந்தார். வயிற்றில் குத்திக்கொண்டால் பசி என்பதே மறந்துபோகும். ஊசி போட்டு இளைக்கிறான் என்று தெரிந்தால் மானம் போகுமே என்று, கேட்டவர்களிடமெல்லாம் தினமும் கோட்டை வரைக்கும் நடக்கிறேன் என்று அளந்துவிட்டேன். உண்மை என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

ஏழு மாதத்தில் பதினைந்து கிலோ போனது. பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் ஒரு சாவு வீட்டில் பாயில் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. முதல் தடவை முட்டி மறுத்தது, அடுத்த தடவை தொடை. கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். செத்தவரை விட்டுவிட்டு எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

டாக்டரிடம் சொன்னேன். கொழுப்போடு சேர்ந்து சதையும் கரைகிறது என்றார். பசிக்காவிட்டாலும் முட்டை, மீன், சுண்டல் என்று முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் சோற்றைத் தொட வேண்டுமாம். வாரத்தில் சில நாள் கனமானதைத் தூக்கிப் பழக வேண்டும், வெறுமனே நடந்தால் போதாது என்றார். நடக்கவே இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

அந்த வாரமே சிங்கவரத்திலிருந்து தங்கை போன் செய்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்குக் காதுகுத்து. தை மாதம் என்று பேசியிருந்ததை ஆவணிக்கே மாற்றிவிட்டார்களாம். என்ன அவசரம் என்று கேட்டதற்கு நல்ல நாள் அமைந்தது என்றாள்.

எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். குத்தியதும், பிள்ளையின் கால் தரையில் படாமல் மாமனே தூக்கிக்கொண்டு எழுந்து கோயிலை மூன்று சுற்று வர வேண்டும். முடியாவிட்டால் வேறு யாராவது தூக்கலாம்தான். தூக்கியவன் அதைச் சாகும்வரை சொல்லிக்காட்டுவான். பிள்ளை இப்போது என்ன எடை என்று கேட்டேன். பதினைந்து கிலோ என்றாள். இத்தனை வருஷம் அதே எடையை இடுப்பைச் சுற்றிச் சும்மா தூக்கித் திரிந்திருக்கிறேன். இப்போது அது கையில் வரப்போகிறது.

இரண்டு மாதம்தான் இருந்தது. கடையில் பத்து லிட்டர் பெயின்ட் வாளி கிட்டத்தட்ட பிள்ளையின் கனம். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதலில் நாலு லிட்டர் டப்பா, அப்புறம் வாளி என்று மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து எழுந்து பழகினேன். ஒருநாள் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்த வாடிக்கையாளர், வாளியைக் கட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமலே போய்விட்டார். வீட்டில் மனைவி மூன்று அவித்த முட்டையோடு எதிரே உட்காருவாள். முழுங்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். பசியில்லாதவனுக்கு முட்டையும் கல்லும் ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது.

காதுகுத்து நாளும் வந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசி மருமகனை மடியில் வைத்தார்கள். பெயின்ட் வாளி உதைக்காது. இவன் உதைத்தான், கத்தினான், சந்தனத் தலையால் என் தாடையில் முட்டினான். இரண்டாவது காதும் முடிந்ததும் கூட்டத்தில் சத்தம் குறைந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இரண்டு பேர் கைகொடுக்கக் குனிந்தே விட்டார்கள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். மூன்று சுற்றும் வந்தேன். மூன்றாவதில் தொடை வெடவெடத்தது, ஆனால் நிற்கவில்லை.

சுற்றி முடித்ததும், பிள்ளையும் கையுமாக நின்ற என்னைத் தங்கை கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஊர்ல எல்லாரும் பேசிக்கிறாங்கண்ணா. எங்கிட்டயாவது மறைக்காம சொல்லு. உனக்கு இன்னா வியாதி?"

ஊசியைப் பற்றிச் சொன்னேன். பசி போனதையும், சதை போனதையும், முட்டையையும், வாளியையும் சொன்னேன். அவள் நம்பாமல் என் மனைவியைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

"தை வரைக்கும் நீ இருப்பியோ மாட்டியோன்னுதான் முன்னாடியே வெச்சேன். உன் மடியிலதான் இவனுக்குக் குத்தணும்னு இருந்தேன்."

நான் சொன்ன ஒரு பொய்க்காக இவள் எத்தனை நாள் அழுதாளோ. பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு இன்னொரு சுற்றும் வந்தேன். எங்கள் வழக்கத்தில் நாலாவது சுற்று கிடையாது.