இடக்கைக் கித்தார்க்காரன்

பட்டாசு லேபிள் வரைகிறவன் தொண்ணூற்றொன்பது படத்தைச் சரியாக வரைந்தால் ஒருவரும் பேசமாட்டார்கள். ஒன்றைத் தப்பாக வரைந்தால் ஊர் ஊராக ஒட்டுவார்கள். செய்த தப்பைத் திருத்தப் போய், திருத்த விடப்படாதவர்களே, இது உங்களுக்குத்தான்.

கல்லில் வந்த தப்பு

அறுபதுகளில் ஓர் ஆங்கில ராக் பாட்டு இலங்கை ரேடியோவில் வாராவாரம் முதலிடத்தில் நின்றது. சிவகாசி டீக்கடைகளில் அர்த்தம் தெரியாமலே மேஜையைத் தட்டினார்கள். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒருவர், அந்தப் பாடகன் படம் போட்ட பத்திரிகைத் தாளைக் கொண்டுவந்து, தீபாவளிச் சரவெடிக்கு இவன்தான் லேபிள் என்றார்.

எங்கள் அச்சகத்தில் கல் அச்சு. கல்லில் இடம் வலமாக மாற்றி வரைந்தால்தான் தாளில் நேராக விழும். முருகன் கை வேல் என் லேபிளில் ஒருநாளும் பக்கம் மாறியதில்லை. அன்று சீசன் அவசரம். எழுத்துகளை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு, பாடகனைப் பத்திரிகையில் பார்த்தபடியே வரைந்துவிட்டேன். முதல் தாளில் அவன் இடக்கையால் கித்தார் வாசித்தான். கல்லைத் தேய்த்து மறுபடி வரைகிறேன் என்று அச்சக முதலாளியிடம் கெஞ்சினேன். அவர் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"சாமிக்குக் கை மாறுனாத்தான் குத்தம். இவன் எந்தக் கையில வாசிச்சா நமக்கென்னய்யா?"

பாட்டு இறங்கியது, லேபிள் இறங்கவில்லை

தை பிறப்பதற்குள் ரேடியோவில் வேறு பாட்டு. டீக்கடையிலும் வேறு தாளம். என் தப்பும் பாட்டோடு போய்விடும் என்று நிம்மதியாக இருந்தேன். போகவில்லை. அடுத்த சீசனில் அதே லேபிளுக்குத்தான் முதல் ஆர்டர் வந்தது.

முதலாளி வெளியூர் போயிருந்த வாரத்தில், யாரையும் கேட்காமல் பழைய கல்லைத் தேய்த்து, பாடகனை வலக்கைக்காரனாக்கி அச்சுக்குக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அத்தனை சுத்தமாக ஒரு கித்தார் வரைந்ததில்லை. லோடு வடக்கே போய், போன லாரியிலேயே திரும்பியது. இது போலிச் சரக்கு, அசலில் இடக்கைதான் என்று அங்குள்ள கடைக்காரர்கள் எடுக்க மறுத்துவிட்டார்களாம். கம்பெனிக்காரர் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"நெசத்தை வரைஞ்சு என் சரக்கைப் போலியாக்கிட்டீகளே, ஆர்ட்டிஸ்டே."

அன்றைக்கே புதுக் கல்லை எடுத்து வைத்து, அந்தத் தப்பை இரண்டாம் முறை, தெரிந்தே, என் கையால் வரைந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தேன்.

காப்பியடித்தவர்கள்

விற்கிற லேபிளை அடுத்த கம்பெனி காப்பியடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்குக்குப் பயந்து ஏதாவது ஒன்றை மாற்றுவார்கள். ஏழாயிரம்பண்ணையில் ஒருவர் சட்டையின் நிறத்தை மாற்றினார். வெம்பக்கோட்டையில் ஒருவர் பாடகனுக்கு மீசையே வைத்தார். கையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. காப்பியடித்த ஓவியர் ஒருவர் கூச்சமே இல்லாமல் என் அச்சகத்துக்கு வந்து தாளை விரித்தார்.

"அண்ணாச்சி, அந்த இடக்கை விரலை எப்படி மடக்குனீக? எனக்கு அம்புட்டுச் சுத்தமா வரமாட்டேங்குது."

பெயர்

லேபிளில் ஓவியன் பெயர் போடுவதில்லை. ஒருமுறை கம்பெனிக்காரர் அந்தப் பாடகனைப் பெரிதாக்கிக் காலண்டர் அடித்தார். சந்தோஷத்தில், கீழே உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். போடுகிறேன், கையை மாற்ற விடுங்கள் என்றேன். முடியாது என்றார். இந்தத் தப்புக்குக் கீழே என் பெயர் வேண்டாம் என்று பிரஷ்ஷை வைத்துவிட்டேன். அவர் என்னை நிஜமாகவே இரக்கத்தோடு பார்த்தார்.

"இந்தக் கையாலதானே நாங்க எல்லாரும் சாப்பிடுதோம். அதுக்குப் போய் வெக்கப்படுதீகளே."

அந்தப் பாட்டில் ஒரு வரி பாடத் தெரிந்த ஆள் இன்று எங்கள் பக்கம் இல்லை. ஆனால் யாராவது வலக்கையால் கித்தார் வாசித்தால், பாவம், தப்பாகப் பிடித்திருக்கிறாரே என்று என் கண்ணுக்கே தோன்றுகிறது.