ஃபாதர் முத்தமிடாமல் விட்ட கால்

என் வலது காலை எடுத்துவிடுவார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். போன வருடம் தவக்காலம் முடிகிற சமயம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து அழுதேன். அன்பானவர்களே, இன்று அதே காலில் நடந்துபோய்ப் பூசை கண்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தோணிசாமி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை அடுக்குகிறவன். சர்க்கரை வந்து ஒன்பது வருடம். மாத்திரை போட்டால் போதும் என்று இருந்தேன். பட்டறையில் எல்லோரும் வெறுங்கால்தான். சூளை முழுதாக ஆறுவதற்குள் நான் உள்ளே போய்ச் சாமான் எடுப்பேன். "அந்தோணி காலுல சூடே ஏறாதுய்யா" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. கால் மரத்துப்போனதைத்தான் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று புத்தியில் உறைக்கவில்லை.

என் மனைவி லூர்துமேரிக்கு உறைத்தது. ஒரு நாள் வாசலிலேயே மறித்தாள்.

"ஏங்க, ஒத்தச் செருப்போட வூட்டுக்கு வந்திருக்கீங்க. இன்னொன்னு எங்க கழண்டுச்சின்னுகூடவா தெரியல? டாக்டருகிட்ட காட்டுங்க."

சிரித்தேன். மறுபடியும் சொன்னபோது எரிந்து விழுந்தேன். அப்புறம் அவள் என்னிடம் சொல்வதை விட்டுவிட்டு மாதாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். தினமும் செபமாலை முடிவில், "இவர எப்பிடியாவது ஒரு டாக்டரு முன்னால உக்கார வையிம்மா" என்பாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொல்வாள்.

பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவிய நினைவாக, ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவி முத்தமிடுவார். அதில் என்னையும் சேர்த்தார்கள். ஃபாதர் கையில் அழுக்குப் படக் கூடாதென்று எல்லோரும் வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் போவோம். நான் ஒரு படி மேலே போனேன். மெருகு பூசாமல் சுட்ட பீங்கான் துண்டு சொரசொரவென்று இருக்கும். எங்கள் பட்டறை ஆட்கள் குதிகால் தேய்ப்பது அதில்தான். உள்ளங்காலில் காய்ப்பு ஒன்று தடித்திருந்தது. அதை அந்தத் துண்டால் தேய் தேய் என்று தேய்த்தேன். கொஞ்சமும் வலிக்கவில்லை.

சாயங்காலம் கோயிலில் ஃபாதர் என் காலில் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். துடைத்த துணித்துண்டு ரத்தத்தில் சிவந்துவிட்டது. முத்தமிடக் குனிந்தவர் அப்படியே காலைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"வலிக்கலயா அந்தோணி?"

"இல்லீங்க ஃபாதர்."

அவர் முகம் மாறியது. "பூசை முடியற வரைக்கும் இருக்க வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அந்தத் துண்டையே சுற்றிக் கட்டினார். கோயிலே வேடிக்கை பார்த்தது. நான் கூனிக் குறுகிப்போனேன். பெண்கள் பக்கத்திலிருந்து லூர்து ஓடி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் நூலால் பாதத்தைத் தொடுவாராம், தெரியும்போது சொல்ல வேண்டுமாம். காத்திருந்தேன், காத்திருந்தேன்.

"ஆரம்பிங்கம்மா" என்றேன்.

"எல்லா எடத்துலயும் தொட்டு முடிச்சிட்டேங்க."

கண்ணைத் திறந்தேன். லூர்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

காய்ப்புக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. அதற்குள்ளே ஒரு பீங்கான் சில்லு. எத்தனை நாள் அதன்மேல் நடந்தேனோ! எலும்புக்குப் போயிருந்தால் காலை எடுக்க வேண்டி வரலாம், படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். புனித வெள்ளி முழுக்க அந்தப் பயத்தில் கிடந்தேன். "ஆண்டவரே, திமிரு புடிச்ச காலுதான். ஆனாலும் விட்டுவையும்" என்று கெஞ்சினேன். வாழ்நாளில் நான் மனசாரச் செபித்தது அன்றுதான்.

சனிக்கிழமை டாக்டரம்மா வந்தார். "எலும்புல படலீங்க. காலு தப்பிச்சிது."

வாய்விட்டு அழுதேன். லூர்து மாதாவிடம் கேட்டது புதுமையோ அற்புதமோ அல்ல, டாக்டர் முன்னால் என்னை உட்கார வைக்கத்தான். மாதா அதைச் செய்து கொடுத்தாள்.

புண் ஆறப் பல வாரமானது. இப்போது வீட்டுக்குள்ளும் செருப்புதான். ஃபாதர் சொல்லி, கோயிலுக்குள்ளும் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடி. பட்டறைக்கு ஷூ, போடுமுன் உதறி, உள்ளே கைவிட்டுப் பார்ப்பேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குவரை ஈரம் துடைத்து, கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். எனக்குப் பிறகு லூர்தும் பார்ப்பாள். என் பார்வைமேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

இந்த வருடப் பெரிய வியாழனுக்கும் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். தண்ணீர் ஊற்றுமுன் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி படறது தெரியுதா அந்தோணி?"

"தெரியலீங்க ஃபாதர். அதான் தெனமும் பாத்துக்குறேன்."

சிரித்துக்கொண்டே துடைத்து, குனிந்து முத்தமிட்டார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்தேன், போதும். ஆண்டவரே, உமக்குக் கோடி நன்றி.

சர்க்கரை உள்ளவர்களே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, இன்றைக்கே உங்கள் உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். வலிக்கவில்லையே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். எனக்கும் வலிக்கவே இல்லை.