குத்தூசிகளுக்கு நடுவே ஓர் அரிசி லோடு

சந்தேகப்படத் தெரியாதவன் நிருபர் வேலையில் நிலைக்க முடியாது. ஐம்பதுகளின் கடைசியில் போடி முழுக்கவே அந்தத் தகுதி இருந்தது. மலைக்கு அரிசி ஏறினால்தான் ஏலக்காய் இறங்கும், ஏலக்காய் கப்பலேறினால்தான் நாடு நிமிரும் என்று மேடைதோறும் பேச்சு. ஏறிய அரிசியோ எஸ்டேட் போய்ச் சேரும்போது எடை குறைந்தது. லாரி டிரைவர் கருப்பையா வழியில் விற்கிறார் என்றார்கள். இன்னொரு லோடு குறைந்தால் அவருக்கு வேலையில்லை என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். செய்திக்காக மூட்டைமேல் பயணம் செய்த நண்பர்களே, என் முதுகுவலி உங்களுக்குப் புரியும். அடுத்த லோடோடு நானும் ஏறினேன்.

மண்டியில்

மண்டி முதலாளி என்னை வரி ஆபீஸ் ஆள் என்றே நினைத்தார். நான் பேனாவை எடுத்ததும் அவர் குத்தூசியை எடுத்தார். மூட்டைக்குள் செருகி உருவினால் அதன் குழிவில் அரிசி வரும். மூட்டை மூட்டையாகக் குத்திக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்கங்க. மேல போயிக் கொறஞ்சா டிரைவரைக் கேளுங்க, இந்தப் பக்கம் வராதீக."

மலையடிச் சாவடியில்

அரிசி மாநில எல்லை தாண்ட பெர்மிட் வேண்டும். இருந்தது. சாவடிக்காரர் அதை நம்பவில்லை, அவரிடமும் குத்தூசி. "அரிசிக்குள்ள என்னத்தடா ஒளிச்சு வச்சிருக்க?" என்று குத்திக்கொண்டே கேட்டார். கருப்பையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அரிசியத்தான்ணே."

போடிமெட்டில்

வளைவுக்கு வளைவு குலுங்கி மேலே வந்தால், எல்லைக்கு அந்தப்புறம் இன்னொரு சாவடி, இன்னொரு குத்தூசி. கீழேயே பார்த்தாயிற்று என்றேன். அந்தச் சாவடிக்காரர் என்னையும் ஒரு மூட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்து, தாமும் பார்க்க வேண்டாமா என்று மலையாளத்தில் கேட்டார்.

"அவரு கண்டது அவர்க்கு. ஞான் காணண்டே?"

எஸ்டேட் தராசில்

எடை குறைந்தது. சூப்பர்வைசர் லாரிச் சாவிக்குக் கை நீட்டினார். ஏலக்காய் எடுக்க வந்திருந்த சிலமலை ஊர்ப் பெண்கள், அரிசி சரியாக வராவிட்டால் மலையிறங்குவோம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவர்களில் ராக்கம்மா, "எந்த வளைவுலண்ணே எறக்குன?" என்று கருப்பையாவைத் திட்டிக்கொண்டே லாரியில் ஏறினாள். ஏறியவள் குனிந்தாள். பலகை இடுக்கெல்லாம் அரிசி. மூட்டையின் பக்கவாட்டில் அவள் விரல் நுழைந்தது.

குத்தியவர் ஊசி நுனியால் சாக்கு இழையை நீவி ஓட்டையை மூட வேண்டும். மண்டித் தொழிலில் அது முதல் பாடம். சந்தேகத்தில் குத்துகிறவர்களுக்கு அது மறந்துவிடுகிறது. சூப்பர்வைசர் கையை இழுத்துக்கொண்டார். ராக்கம்மா விடவில்லை.

"குத்துனவுகள விட்டுட்டு, ஓட்டுனவருகிட்டப் போயி சாவி கேக்குறீகளே! நானும்தான் திட்டுனேன், அது வேற."

செய்தி வந்த பிறகு

எழுதினேன், அச்சானது. கருப்பையா வேலையில் நீடித்தார். ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, அவரே ஓட்டைகளை நீவி மூடினார். மூட்டை எடை குறையாமல் நின்றது, பெண்களும் மலையிறங்காமல் நின்றார்கள். செய்தியைப் படித்த மேலிடம், மூட்டை ஒழுகுகிறதா என்று பார்க்க நடுமலையில் புதிதாக ஒரு சாவடி போட்டது. அங்கே கருப்பையா குனிந்து நீவிக்கொண்டிருந்தபோது காவலாள் ஓடிவந்தான்.

"ஓட்டைய ஏன்டா அடைக்கிற? உள்ள எதை மறைக்கிற?"

நாடு நிமிரட்டும் என்று நான் எழுதிய அந்தச் செய்தியால், நானறிந்தவரை, நிமிர்ந்தவர் புதுச் சாவடிக்குக் குத்தூசி அடித்துக் கொடுத்த கொல்லர் ஒருவர்தான்.