காப்புக்குள் இருந்த அரக்கு

அந்த மனிதர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "தாயின்ர பொன்னிலயும் தட்டான் கிள்ளுவான் எண்டு சும்மாவே சொன்னவை?"

கனடாவில், ஸ்காபரோ பிளாசா ஒன்றிலிருந்த நகைக்கடையின் பின்னறையில் பதினொரு வருடம் பொன்வேலை செய்தவன் நான். அவர் சொன்னது கதவுக்கு இப்பால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்பு அவருடைய மனைவி தாயின் பழைய காப்புகள் இரண்டைக் கொண்டுவந்திருந்தார். உருக்கி மகளுக்கு அட்டியல் செய்ய வேண்டுமாம். முதலாளி ஒரு காப்பை நகத்தால் தட்டிப் பார்த்தான். மந்தமான சத்தம். "உள்ளுக்கு அரக்கு, அண்ணை" என்று என்னிடம் சொன்னவனே அவன்தான். வெளியே மெல்லிய பொன், நசுங்காமலிருக்க உள்ளே அரக்கு. எடை குறையும் என்று நான் அந்த அம்மாவிடம் விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

காப்புகளை வாளால் அறுத்து, இளஞ்சூட்டில் அரக்கை ஒழுகவிட்டேன். பிறகு பொன்னை மூசையிலிட்டு, வெண்காரம் தூவி உருக்கினேன். நாற்பத்தொரு கிராம் காப்புகளில் இருபத்தொன்பது கிராம் பொன் இருந்தது. அரத்தூளைக்கூடத் தூரிகையால் கூட்டிச் சேர்த்துத்தான் நிறுத்தேன்.

அப்படி நிறுத்த என்னைத்தான், அட்டியலை எடுக்க வந்த இடத்தில் எடை குறைந்திருக்கக் கண்டு, அவர் கள்ளன் என்றார். முதலாளி என்ன சொல்வான் என்று கையிலிருந்த ஊதுகுழலை இறக்காமல் காத்திருந்தேன்.

"நான் வேலைசெய்தவரோட கதைக்கிறன். குறைஞ்ச பொன்னைக் கடையால தாறன்" என்று அந்த மனிதரிடம் சொன்னான்.

என் காதுமடல் கொதித்தது. நகையைக் கொடுத்து முடிக்கும்வரை அரக்கை எறிவது என் வழக்கமில்லை. அந்தக் கறுத்த கட்டியை எடுத்துப் போய், கடையின் முன்மேசையிலிருந்த தராசில் வைத்தேன். பன்னிரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் புகையாய்ப் போயிருந்தது.

அவரோடு வந்திருந்த அந்த அம்மாதான், "அண்ணை அண்டைக்கே எனக்குச் சொன்னவர்" என்றார், கணவரின் முகத்தைப் பார்க்காமல். உது தங்களுக்குத் தெரியாத வேலைதானே என்று கணவர் முணுமுணுத்தார். இருவரும் போய்விட்டார்கள்.

நான் முதலாளியின் பக்கம் திரும்பினேன். தெரிந்திருந்தும் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"கஸ்ரமரோட வாதாடேலுமே, அண்ணை? விடுங்கோ."

பதினொரு வருடத்தில் ஒரு குன்றிமணிப் பொன் என் மேசையில் தவறியதில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தச் சிரிப்பைக் கலைக்க மனமில்லாமல் என்னை விட்டுக்கொடுத்தான். அரங்களையும் குறடுகளையும் துணியில் சுற்றிக்கொண்டு வெளியேறினேன். திங்கட்கிழமை வருவேன் என்று நினைத்திருப்பான், போகவில்லை.

இப்போது பக்கத்து நகரமான அஜக்ஸில் வேறொரு கடையில் வேலை. அந்த அம்மா தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். அவர் கணவர்மேல் எனக்கிருந்த கோபமும் மெல்லக் கரைந்துவிட்டது, அவர் அறியாமல் பேசியவர். போன மாதம் கோயிலில் முதலாளி எதிர்ப்பட்டான். இன்னும் கோபமோ அண்ணை என்று கேட்டான்.

"ஓம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.