தொட்டியில் கிடந்த கல்

பால்காரர், கேஸ்காரர், வகுப்பில் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளை, யாரையும் நான் லேசில் நம்பியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்தில் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்காரரையும் அப்படித்தான் பார்த்தேன். அவர் சிற்பி. முன்பக்கம் முழுக்க அவர் பட்டறை, பின்கட்டு எனக்கு. ஓட்டல்களுக்குப் புத்தரும் பிள்ளையாரும் செய்து லாரியில் ஏற்றிக்கொண்டே இருப்பார்.

என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு கல்தொட்டி கிடந்தது. பூ மிதக்கவிட ஓர் ஓட்டலில் கேட்டார்கள், பிறகு வேண்டாம் என்றுவிட்டார்கள். உட்புறத்தைக் கண்ணாடியாக இழைத்திருந்தார். ஐப்பசி மழையில் அது நிரம்பியது. ஒருநாள் காலையில் பார்த்தால் தண்ணீருக்குள் கருகமணிச் சரம் மாதிரி தேரை முட்டைகள். நாலைந்து நாளில் தலைப்பிரட்டைகள் நெளிய ஆரம்பித்தன. எனக்கு ஒரே குஷி. வெந்த கீரையைக் கிள்ளிப் போடுவேன். தண்ணீர் குறைந்தால் இரண்டு செம்பு ஊற்றுவேன்.

ஆனால் அவர்மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது. சிலைக்கு எடுக்கும் கல்லுக்குள் தேரை இருந்தால் ஆகாது என்பார்கள் சிற்பிகள். தட்டிப் பார்த்து ஓசை சரியில்லை என்றால் ஒதுக்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவர் தன் பட்டறையிலேயே தேரைக் குஞ்சுகளை வளரவிடுவாரா? அவர் பீடியோடு வந்து தொட்டியைக் குனிந்து பார்க்கும்போதெல்லாம் நானும் ஜன்னலுக்கு வந்து பாத்திரத்தை உருட்டுவேன்.

குஞ்சுகளுக்குக் கால் முளைத்துக்கொண்டிருந்த வாரம், வெள்ளிக்கிழமை காலையில், தொட்டிக்குள் பெரிய கல் ஒன்று கிடந்தது. கொத்தாத முரட்டுக் கல். நசுக்கத்தான் போட்டிருக்கிறார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரில் கேட்க வாய் வரவில்லை, வாடகை வீடு. அவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து இரண்டு கையாலும் அதைத் தூக்கி வேலியோரம் போட்டேன். அடியில் ஒன்றுகூட நசுங்கியிருக்கவில்லை. நல்லவேளை என்று நினைத்தேனே தவிர, வேறெதுவும் யோசிக்கவில்லை. சாயங்காலம் செங்கல்பட்டில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கள் காலை திரும்பி வந்தபோது, சுண்டுவிரல் நகம் அளவுத் தேரைகள் தண்ணீர்மேல் மல்லாந்து மிதந்தன. வால் சுருங்கி, நாலு காலும் வந்திருந்தது. ஐந்தாறு மட்டும் வழவழப்பான சுவரில் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தன. டீ வடிகட்டியால் அள்ளி வாழைமரத்தடி ஈரத்தில் விட்டேன்.

வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், அல்லாம் செத்துக் கெடக்குது? காலு வந்துட்டா ஏறிக் குந்த எடம் வோணுமேன்னு ஒரு கல்லைப் போட்டுவச்சேன். அத்த எவன் எடுத்தான்?"

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் வடிகட்டியைத் தண்ணீரில் அலசினேன். "எனக்கெப்படிண்ணா தெரியும்? நான் ஊர்லயே இல்லையே" என்றேன்.

"ஆமாமா, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த வடிகட்டியை வாங்கி, உயிரோடு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். நான் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார்.