வக்கீலய்யாவுக்கு மிஞ்சிய சொல்

என் கணவர் உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீல். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல் அவருக்கு. ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போன பெண்கள் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து செத்தபோது, அவர்கள் குடும்பங்களுக்காக வாதாடி ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து தேர்தலில் நிற்கச் சொன்னார்கள்.

"வேணாங்க. கோர்ட்டுல இருக்கிற மரியாதை போதும்," என்றேன்.

"அடிபட்டவள தேனிக்குக் கொண்டு போறதுக்குள்ள உசுரு போயிருதுடி. சட்டசபையில பேசுனா மலையடிவாரத்துல லோயர் கேம்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியாவது வாங்கிரலாம்," என்றார்.

எம்.எல்.ஏ. ஆனார். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அந்த ஆஸ்பத்திரியையே கேட்டார். சொந்த ஆட்சியையே குறை சொல்கிறார் என்று கட்சியில் வருத்தம். அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை. ஆஸ்பத்திரியும் வரவில்லை.

மறுபடி கோர்ட்டுக்குப் போனார். வழக்குகள்தான் வரவில்லை. "எம்.எல்.ஏ.வா இருந்தவுக, அவுககிட்டப் போயி வேலித் தகராறச் சொல்லவா?" என்று ஜனங்கள் தயங்கினார்கள். ஆட்சிக்கு ஆகாதவர் என்று வசதியானவர்கள் ஒதுங்கினார்கள்.

லோயர் கேம்பில் ஒரு கல்யாணப் பந்தியில் சாய்ந்து விழுந்தார். பக்கவாதம். தேனிக்குக் கொண்டு போனோம். "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்மா," என்றார் டாக்டர். உயிர் பிழைத்தது, பேச்சு போய்விட்டது. 'ஆமா' என்ற ஒரு சொல் மட்டும் நின்றது. பசிக்கிறதா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா.

ஜீப் விபத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா பார்க்க வந்தார்.

"வக்கீலய்யா, என்னைய அடையாளந் தெரியுதா?"

"ஆமா... ஆமா..." அதற்குமேல் வாய் வராமல் தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காகப் பேசுனது போதும்யா," என்று அழுதார்.

அன்று சாயங்காலம் கேட்டேன்: "எலெக்சன்ல நிக்காமலே இருந்திருக்கலாம்னு தோணுதாங்க?"

"ஆமா," என்றார்.

அது பதிலா, நாக்குக்கு வந்த சொல்லா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. இன்றும் தெரியாது.

ஐப்பசி மழையில் போய்விட்டார். நாங்கள் குடியிருந்த கம்பத்திலேயே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவருக்குச் சீட்டு இல்லை என்று சொன்ன கட்சிக்காரரும் மேடையேறி, என் கணவரின் பேச்சைப் பற்றி வெகுநேரம் பேசினார். என்னால் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து, குடைகூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தேன்.