மீனுக்கு வைத்த தண்ணீர்

ஒரு கலியாணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த பெருமை எங்கள் வீட்டுத் தங்கமீன்களுக்கு உண்டு. அதற்காக அவை ஒன்றும் மெனக்கெடவில்லை. தொட்டிக்குள் சும்மா நீந்திக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பெரிய காரியங்கள் பலவும் அப்படித்தான் நடக்கின்றன என்று இந்த வயதில் எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. பதவி உயர்வு பெற்ற சிலரைப் பார்த்தபின் அது உறுதிப்பட்டுவிட்டது.

அப்போது நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக வீடு. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, லொறியில் இடமில்லாமல் தன் மீன்தொட்டியை எங்களிடம் விட்டுப்போனார். அம்மா வேண்டாமென்றார். நான் அழுதேன். தொட்டி கூடத்துக்கு வந்தது.

எங்கள் கிணறு உவர். கூரையில் ஏறினால் கடல் தெரிகிற வீட்டில் கிணறு வேறு எப்படி இருக்கும். ஆகவே எதற்கும் குழாய்த் தண்ணீர்தான். தொட்டி கலங்கியதும், பழைய தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறைத்துக் கொட்டிவிட்டு, குழாயில் புதிதாகப் பிடித்ததை நிரப்பினேன். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீருக்கு மருந்து தாராளமாகப் போடுவார்கள்; வாளிக்கு மேல் குனிந்தால் ஆஸ்பத்திரி மணக்கும். அதுதான் சுத்தத்தின் மணம் என்று நான் நம்பினேன். மத்தியானத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. ஒன்று மல்லாந்தது.

அன்று பார்த்து சின்னம்மாவுக்குப் படம் எடுக்கும் நாள். சின்னம்மா அம்மாவின் தங்கை. தபால் கந்தோரில் வேலை, எங்களோடுதான் இருந்தார். கனடாவிலிருந்த ஒரு மாப்பிள்ளை அவருடைய படம் கேட்டு எழுதியிருந்தார். அம்மா சின்னம்மாவுக்குச் சேலை உடுத்தி, வீங்கிய முகத்தோடு நின்ற என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார்.

ஸ்டூடியோக்காரர் சாம்பல்தீவைச் சேர்ந்தவர். ஒல்லி. நெற்றியில் எப்போதும் திருநீறு. அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் என்னைப் பார்த்ததும் கமெராவை விட்டுவிட்டு ஏன் அழுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"குழாய்த் தண்ணியை அப்பிடியே விட்டனீங்களோ பிள்ளை? அதிலை குளோரின் இருக்கு. மீனுக்குச் செவுள் எரியும்."

உள்ளே போய், பொடிக் கற்கண்டு போன்ற ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். ஹைப்போ. படம் கழுவுகிற உப்பு. அது இல்லாமல் கழுவினால் படம் வெளிச்சத்தில் கறுத்துப்போகுமாம். அதே உப்பு தண்ணீரிலிருக்கும் குளோரினையும் முறித்துவிடுமாம். வாளிக்கு இரண்டு கல், கரைந்தபிறகுதான் ஊற்றவேண்டும், ஒருபோதும் முழுத் தண்ணீரையும் மாற்றக்கூடாது, கொஞ்சத்தை எடுத்துவிட்டுக் கொஞ்சத்தை விடவேண்டும் என்றெல்லாம் விளக்கினார். என் மீனைப் பற்றிய அந்த விளக்கம் முழுவதையும் அவர் சின்னம்மாவைப் பார்த்தே சொன்னார். மீன் தன்னுடையது போல சின்னம்மாவும் தலையாட்டிக் கேட்டார்.

பிறகு படம் எடுத்தார். நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார், தாழ்த்தச் சொன்னார், மறுபடி உயர்த்தச் சொன்னார். அம்மா மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியபின்தான் படம் எடுபட்டது.

மல்லாந்த மீனை எலுமிச்சை மரத்தடியில் புதைத்தோம். மற்றவை பிழைத்தன. பொட்டலம் முடியும்போதெல்லாம் ஸ்டூடியோவுக்கு ஓடுவேன். போகும்போது, படம் வந்துவிட்டதா என்று கேட்டுவரச் சொல்லி அம்மா அனுப்புவார்.

"ஹைப்போ தட்டுப்பாடு பிள்ளை" என்பார் ஸ்டூடியோக்காரர். "கொழும்பிலையிருந்து வரவேணும். பாதை தெரியும்தானே. இருக்கிறது உங்கடை மீனுக்குத்தான் காணும். படத்தைப் பிறகு கழுவலாம், உயிர் பெரிசெல்லோ."

அந்தச் சண்டைக் காலத்தில் எது வராவிட்டாலும், பாதை பூட்டு என்று சொன்னால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. நான் போனால் அவர் என்னை மூலையிலிருந்த ஒரு சாக்கின்மேல் இருத்துவார். பொட்டலம் கட்டும் நேரம் வந்ததும் என்னை எழுப்பிவிட்டு, அந்தச் சாக்கின் வாயைத் திறந்து, அதிலிருந்தே ஹைப்போவை அள்ளுவார். பிறகு என்னை மறுபடி அதன்மேல் இருத்தி, தட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லுவார். தலைக்கு மேலே கொடியில் ஊரார் எல்லோருடைய படங்களும் ஈரம் சொட்டக் காய்ந்துகொண்டிருக்கும். எனக்குக் கணக்கு அன்றும் வராது, இன்றும் வராது.

வீட்டுக்கு வந்து சொன்னால், பாவம் அவர்தான் என்ன செய்வது என்பார் சின்னம்மா. அம்மா அந்தப் பக்கம் போனதும், வேறென்ன சொன்னவர் என்று கேட்பார். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவேண்டும். வேறு ஸ்டூடியோவில் எடுப்போமே என்று அம்மா சொன்னபோது, அப்படி முகத்தை இன்னொரு தரம் வைத்துக்கொண்டிருக்கத் தன்னால் ஏலாது என்றுவிட்டார் சின்னம்மா.

கனடாக் கடிதம் மறுபடியும் வந்தது. படம் எங்கே என்று கேட்டு. அம்மாவுக்குக் கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை, தொட்டியடியில் இறக்கினார்.

"உன்ரை மீனாலைதான் இவளின்ரை கலியாணம் நிக்குது."

சின்னம்மா கனடாவுக்குப் போவதற்கு வேண்டிய ஹைப்போவை என் மீன்கள் தின்றுகொண்டிருக்கின்றன. மீனையும் விடமுடியாது, சின்னம்மாவையும் கெடுக்கமுடியாது. வழி பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. எங்கள் விஞ்ஞான ரீச்சரைக் கேட்டேன். வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வெயிலில் திறந்து வைத்தால் குளோரின் தானாகப் போய்விடும், ஓர் உப்பும் வேண்டாம் என்றார். அம்மாவின் பெரிய அலுமினியப் பேசினில் வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி மணம் போய்விட்டது. அந்தத் தண்ணீரில் மீன்கள் நன்றாகவே நீந்தின.

மூச்சு வாங்க ஓடிப்போய், அவரை அந்தப் பெரிய கஷ்டத்திலிருந்து விடுவித்தேன். இனி மீனுக்கு ஹைப்போ வேண்டாம், இருப்பதை வைத்துச் சின்னம்மாவின் படத்தைக் கழுவலாம் என்றேன். அவர் நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"ஆர் பிள்ளை சொல்லித் தந்தது?"

"எங்கடை சயன்ஸ் ரீச்சர்."

"ரீச்சர்மார் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துப்போடுவினம்" என்றார். துணியை மடித்து வைத்துவிட்டு, "சனிக்கிழமை படம் தாறன் எண்டு அம்மாவிட்டைச் சொல்லுங்கோ" என்றார்.

இராச்சாப்பாட்டில் இந்த நல்ல செய்தியை அறிவித்தேன். அம்மா அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தார். சின்னம்மாவின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. வயிறு சரியில்லை என்று எழும்பிவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் பேசின் காலி. மான் குடித்திருக்கும் என்றார் சின்னம்மா. எங்கள் ஊரில் மான் என்பது மற்ற ஊர்களில் மாடு மாதிரி. கோட்டைப் பக்கமிருந்து கூட்டமாக இறங்கிவந்து, திறந்த படலை கண்டால் நுழைந்து வாழைப்பழத் தோலும் பேப்பரும் தின்றுவிட்டுப் போகும். நான் பேசினை மறுபடி நிரப்பி வைத்தேன். அது மறுபடி காலியானது. அந்த வாரம் மான்களுக்கு அப்படி ஒரு தாகம்.

சனிக்கிழமை ரியூசன் முடிந்து படலையைத் திறந்தபோது, சின்னம்மா பேசினை இரண்டு கையாலும் சரித்து எலுமிச்சை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். மதிலோரம் ஒரு பெட்டை மான் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாயில் அரைப் பக்கச் செய்தித்தாள் தொங்கியது. என்னைக் கண்டதும் சின்னம்மா பேசினைக் கீழே வைத்தார்.

"பார் பிள்ளை, மான் குடிச்சுப்போட்டுது."

சின்னம்மா ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடாதவர். நான் என் கண்ணை விட்டுவிட்டு அவர் வாயை நம்பினேன். காலிலிருந்த செருப்பைக் கழற்றி மானுக்கு எறிந்தேன். அது பேப்பரைக்கூட விடாமல் மெதுவாக வெளியே போனது.

"ஓடிப்போய் ஹைப்போ வாங்கிக்கொண்டு வா" என்றார் சின்னம்மா. நான் படலைக்குப் போனபின் மறுபடி கூப்பிட்டார். அவர் குரல் எப்படியோ இருந்தது. "நான்தான் அனுப்பினனான் எண்டு சொல்லு. மறந்திடாதை."

ஸ்டூடியோவில் மேசைமேல் ஒரு பழுப்பு உறை தயாராக இருந்தது. நான் மானின் அட்டகாசத்தைச் சொல்லி ஹைப்போ கேட்டேன்.

"மான் குடிச்சதெண்டு ஆர் சொன்னது?"

"சின்னம்மா. தான்தான் அனுப்பினதெண்டும் சொல்லச் சொன்னவ."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு உறையை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். முகம் கழுவினார், புதிதாகத் திருநீறு பூசினார், பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் போட்டார். பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். மீனுக்காக ஒரு மனிதர் கடையைப் பூட்டுவதா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் அவர் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அப்பாவிடம் போய், ஒரு விஷயம் கதைக்கவேண்டும் என்றார். திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே, அப்பா காட்டிய கதிரையின் நுனியில் இருந்தார். குசினியிலிருந்து கை துடைத்தபடி வந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

"படம் கொண்டு வந்தீங்களோ தம்பி?"

"இல்லை அக்கா. படம் தர ஏலாது."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அறை வாசல் சீலை அசைந்தது. சின்னம்மா அழைக்காமலே வெளியே வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்காமல் அப்பாவின் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். அம்மா அழத் தொடங்கினார். அப்பா ஸ்டூடியோக்காரரிடம் ஊரைக் கேட்டார், தாய்தகப்பனைக் கேட்டார், கோயிலைக் கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேள்விக்கு இடையில் அப்பா ஒருமுறை தலையைத் திருப்பிச் சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா ஓம் என்று தலையாட்டினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்டூடியோக்காரரின் சட்டைப் பையில் பொட்டலம் புடைத்துக்கொண்டிருப்பது நன்றாகத் தெரிந்தது. கிட்டப்போய் முழங்கையைத் தட்டினேன். "மாமா, ஹைப்போ."

அவர் என்னைப் பார்க்காமலே எடுத்துத் தந்தார். நான் தனியே வாளியைத் தூக்கிவந்து, இரண்டு கல்லைப் போட்டுக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றினேன். வீடு நிறையப் பெரியவர்கள் இருந்தும், மீனுக்காகவே இவ்வளவு தூரம் வந்த மனிதரை வைத்துக்கொண்டு, ஒருவர்கூட மீனைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லையே என்று எனக்கு அன்று அழுகையாக வந்தது.